கூண்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

வழக்கமாகச் சம்பளம், அரைப்பேர், கொழுந்து நிறுவை என்று பேசத்தான் கூடுவோம். இன்று வேறு விஷயம். லயத்தில் ஒருவர் குடித்துவிட்டோ மனம் குழம்பியோ கத்திக் கலாட்டா செய்தால் நாம் என்ன செய்கிறோம்? 119க்கு அடிக்கிறோம். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. லயம் அமைதியாகிவிடும். அவருக்கு என்ன ஆனது என்று விடியும்வரை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த இரவில்தான் ஆபத்து இருக்கிறது.

பொலிசுக்கு முதலில் தெரிவது நாம் சொல்வது மட்டும்தான். "வெறியில் சண்டை போடுகிறான்" என்றால், கூண்டில் போடுகிற எண்ணத்தோடுதான் வருவார்கள். வெறி போலத் தெரிவதெல்லாம் வெறியல்ல. சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் வாய் குழறும், கால் தள்ளாடும். தலையில் அடிபட்டாலும் அப்படித்தான். மருந்தை நிறுத்திய மனநோயாளி, காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லிக் கத்தலாம். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று இவர்களைப் பூட்டி வைத்தால் உயிரே போகலாம்.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான். ஒரு நாளுக்குள்ளேயே கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது நடிப்பல்ல, முனி பிடித்ததுமல்ல. வைத்தியம் இல்லாவிட்டால் சாகவும் கூடும். கூண்டுக்குள் இருப்பவருக்குக் குடி நின்றுபோகிறது என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே, அடிதடி இல்லாவிட்டால் முதலில் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். லயத்து வாசல்வரை வண்டி வராது. ஒருவர் டோர்ச்சோடு ரோட்டுச் சந்தியில் நிற்க வேண்டும். மனநலம் பற்றி ஆலோசனை கேட்க 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

கத்தி எடுத்தாலோ, மனைவி பிள்ளையை அடித்தாலோ 119க்கு அழைக்கத் தயங்காதீர்கள். குடித்திருந்தேன் என்பது அடித்ததற்குச் சாட்டாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொலிசை அழைக்கும்போதும் உள்ளதைச் சொல்லுங்கள்: "இவர் நோயாளி, கிளினிக் போகிறவர்." கிளினிக் கொப்பியும் மருந்தும் அவரோடு போக வேண்டும். தோட்டக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் பின்னாலேயே போங்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். கேட்ட நேரத்தையும் பதில் சொன்ன அதிகாரியின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. பொலிஸ் நிலையத்தில் தமிழில் பேசுவது உங்கள் உரிமை. புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்தவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அடிக்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் கிடையாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. அடிபட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இலக்கத்தில் அறிவியுங்கள். ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்துவிடுங்கள். தாமதித்தால் உயர் நீதிமன்றம் போகும் வழி அடைபடலாம்.

கடைசியாக ஒன்று. பூச்சிமருந்து குடித்தவரை, "பொலிஸ் கேஸ் வரும்" என்று பயந்து வீட்டுக்குள் மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தோழர்களே, ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரை இந்த வேலைக்குத் தெரிவு செய்யுங்கள். மேலே சொன்ன இலக்கங்களைப் பிரட்டுக்களத்திலும் பிள்ளை மடுவத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த இருவரின் பெயரோடு வாருங்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்து நிற்கிற நாம், ஜீப்பில் ஏற்றப்பட்ட ஒருவருக்காகவும் சேர்ந்து நிற்க வேண்டும்.