முதல் பொட்டலத்தை விற்ற கை

பள்ளி மாணவன் ஒருவன் போதை ஊசியோடு பிடிபட்டான் என்ற செய்தி வரும்போதெல்லாம், கூடா நட்பு கெடுத்துவிட்டது என்று சொல்லி ஊர் ஓய்ந்துவிடுகிறதே தவிர, அவனுக்கு முதல் பொட்டலத்தை விற்ற கையைத் தேடுவதில்லை. அந்தக் கையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையிலேயே அது இருக்கக்கூடும்.

கூல் லிப் என்று பெயர் சொல்லி மாணவர்கள் வாங்குவது, சிறு உறையில் அடைத்த புகையிலை. அதைக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை எழாது என்பதால், முன்வரிசையில் இருப்பவன் வாயில் அது ஊறிக்கொண்டிருந்தாலும் பாடம் நடத்தும் ஆசிரியருக்குத் தெரியாது. அதிலுள்ள நிகோடின், அதாவது நரம்புகளைத் தூண்டிவிடும் புகையிலைச் சத்து, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது.

வளரிளம் பருவத்தினர் மது, சிகரெட், கஞ்சா, பிற போதைப்பொருள்கள் என்று படிப்படியாக நகர்வதை அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் கேண்டல் 1975-இல் எடுத்துக்காட்டினார். அவரும் நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டலும் பங்கேற்று 2011-இல் வெளிவந்த ஆய்வில், முதலில் நிகோடின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளிடம் கொக்கைனின் தாக்கம் கூடியது. வரிசையை மாற்றியபோது அவ்வாறு நிகழவில்லை. புகையிலை தொட்டவர் எல்லாரும் ஊசிக்குப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மூளை மட்டும் இந்தப் பாதையைப் போடுவதில்லை. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இல் தடை வந்த பின்னும் ஒளித்து விற்பவரிடம் ஒளிந்து வாங்கப் பழகிய சிறுவனுக்கு, அடுத்து கஞ்சாப் பொட்டலமும், மருத்துவர் சீட்டின்றித் தரக்கூடாத வலி மாத்திரையும் அதே கள்ள வழியில் வந்து சேர்கின்றன. கைக்காசு தீர்ந்ததும் அவனே உடன் படிப்பவர்களுக்கு விற்பவனாகிறான்.

கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்னும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மீறுவோருக்கு விதிப்பது 200 ரூபாய் வரையிலான அபராதமே. குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. காவல்துறை இனி கையில் எடுக்க வேண்டியது இந்தப் பிரிவையே. பிடிபட்ட மாணவன் கையில் மாற்றுச் சான்றிதழைத் திணித்து வெளியே தள்ளும் பள்ளி அவனைப் போதை விற்பவரிடமே ஒப்படைக்கிறது. அவனை அழைத்துச் செல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு.