முதலில உங்கட வீட்டைக் கேளுங்கோ

போன கிழமை "நான் தமிழோ, கனேடியனோ" எண்ட கேள்வியைக் கதைச்சதுக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறியள். முக்கால்வாசி இருபதுகளில நிக்கிற பிள்ளையள். தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது, அதால ஆங்கில எழுத்தில தமிழை அடிச்சு அனுப்பியிருக்கிறியள். அதுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்காதேங்கோ. எழுதினதே பெரிய விசயம்.

போன முறை சொன்னதைத் திரும்பவும் சொல்லுறன், ஏனெண்டால் அது ஒருத்தருக்கும் போய்ச் சேரேல்லை. "நான் ஆர்" எண்டு வெளியில தேட முதல், உங்கட வீட்டில என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, அரங்கேற்றம், ஜனவரியில தமிழ் மரபுத்திங்கள் எல்லாம் நல்லதுதான். ஆனா அதுகள் எல்லாருக்கும் பொது. உங்கட அப்பா அம்மா எந்த வழியால, ஆரை விட்டிட்டு இங்க வந்தவை எண்ட கதை உங்களுக்கு மட்டும்தான் சொந்தம்.

ஒரு பிள்ளை எழுதியிருக்கிறா. 2009 மே மாதம் டொரண்டோவில கார்டினர் பெருந்தெருவில அப்பாவின்ர தோளில இருந்தவவாம். எட்டு வயசு. சனம், கொடி, சத்தம், இவ்வளவும்தான் ஞாபகம். பிறகு வீட்டில அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. "நான் எதுக்கு அங்க நிண்டனான் எண்டு எனக்கு இப்பவும் வடிவாத் தெரியாது" எண்டு முடிச்சிருக்கிறா.

அதை வாசிச்சிட்டு எனக்குச் சரியான கவலை. பிள்ளை, அது மே 10ஆம் திகதி. யுத்தத்தின்ர கடைசி நாளுகள், முள்ளிவாய்க்காலில செல் விழுந்துகொண்டிருந்த நேரம். தங்கட அக்கா, தம்பி உயிரோட இருக்கினமோ எண்டு தெரியாத ஆக்கள், யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லி அந்த ரோட்டை மறிச்சு இருந்தவை. உங்கட அப்பாவுக்கு அதைச் சொல்ல வாய் வந்திருக்காது. நீங்கள் கேட்டால்தான் அது வரும்.

கேக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. "யுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டால் ஒருத்தரும் சொல்லமாட்டினம். சின்னக் கேள்வி கேளுங்கோ. வந்த அண்டு எங்க படுத்தனீங்கள்? முதல் சம்பளத்தில என்ன வாங்கினனீங்கள்?

எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை, வேற அலுவலாத் தகப்பனைக் காரில ஏத்திக்கொண்டு செயின்ட் ஜேம்ஸ் டவுன் பக்கம் போயிருக்கிறா. வெல்லஸ்லி வீதியில சிவப்பு லைட்டுக்கு நிக்கேக்க, "இதில எந்த பில்டிங்கில அப்பா இருந்தனீங்கள்?" எண்டு கேட்டிருக்கிறா. மனுசன் காரை ஓரத்தில நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். ஒரு அறை அபார்ட்மெண்டில ஏழு பொடியள். பகல் வேலைக்காரர் எழும்பிப் போன மெத்தையில, இரவு வேலை முடிச்சு வந்தவர் படுக்கிறது. தலையணி சூடு ஆறினதே இல்லையாம். ரெஸ்டோரண்டில கோப்பை கழுவி விரலிடுக்கெல்லாம் தோல் உரிஞ்ச காசுதான், கொழும்பு லொட்ஜில மாதக்கணக்கில காத்துக் கிடந்த தம்பியை இங்க எடுத்தது. அந்தச் சித்தப்பாவுக்குப் பக்கத்தில இருந்து அவ எத்தனை பிறந்தநாள் கேக் சாப்பிட்டிருப்பா! ஒண்டும் தெரியாது. இப்ப சித்தப்பாவையும் கேக்கத் தொடங்கிட்டா. அவர் சொல்லுற கதை கொஞ்சம் வேற மாதிரியாம். இருக்கட்டும், ரெண்டையும் கேட்டு வையுங்கோ.

கனடாவுக்கு வந்த கதையளில சிலது அச்சில இருக்கு. 1986 ஆகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு படகில தத்தளிச்ச 155 தமிழரை மீன்பிடிகாரர் காப்பாத்தினவை. அது பத்திரிகையில வந்த கதை, எப்பவும் எடுத்து வாசிக்கலாம். ஆனா உங்கட வீட்டுக் கதை ஒரு இடத்திலயும் அச்சில இல்லை.

இனி வந்த கேள்வியள்.

"என்ர தமிழைக் கேட்டுச் சிரிக்கினம்." இதைப் பெரியாக்களுக்குச் சொல்லுறன்: தயவுசெய்து சிரிக்காதேங்கோ. ஒருக்காச் சிரிச்சால், பிறகு அந்தப் பிள்ளை அம்மம்மாவோட ஃபோனில கதைக்கவும் வராது.

"எந்த ஊர் எண்டு கேக்கினம், ஸ்காபரோ எண்டால் காணாதாம்." எனக்குக் கோவம் வாறது இதிலதான். ஊரைக் கேட்டு, பிறகு ஊரில எந்தப் பக்கம் எண்டும் சில பேர் கேப்பினம். அது சாதி அறியிற கேள்வி. கேக்கிறவைக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள் ஸ்காபரோ எண்டே சொல்லுங்கோ. மார்க்கம் வீதியும் எக்ளிண்டனும் சந்திக்கிற இடத்தில பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டு வளர்ந்த ஆளுக்கு அது ஊர்தான். நீங்கள் மட்டும் இப்பிடி இல்லை: 2021 கணக்கெடுப்பில டொரண்டோச் சனத்தில கிட்டத்தட்ட அரைவாசி குடியேறி வந்த ஆக்கள். உங்களோட படிச்ச பிலிப்பினோப் பிள்ளையின்ர வீட்டிலயும், சோமாலிப் பிள்ளையின்ர வீட்டிலயும் சொல்லாமல் விட்ட கதை இருக்கும். அவையோட இருந்து கதைச்சுப் பாருங்கோ.

"இலங்கைக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்குமோ?" போங்கோ, ஆனா கேட்டிட்டுப் போங்கோ. கேக்காமல் போனால் நல்லூர்க் கோயிலையும் கசூரினாக் கடற்கரையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பி வருவியள். கேட்டிட்டுப் போனால், அம்மா சைக்கிளில பள்ளிக்கூடம் போன ஒழுங்கையைத் தேடுவியள்.

 

கடைசியா, "கேட்டு, அப்பா அழுதால் என்ன செய்யிறது?" பக்கத்தில இருங்கோ. அடுத்த கேள்வியைக் கேக்காதேங்கோ. சில வீடுகளில காணாமல் போன ஆக்கள் இருக்கினம், சிறையில அடிவாங்கின ஆக்கள் இருக்கினம். எதை, எப்ப சொல்லுறது எண்டதை அவையே முடிவெடுக்கட்டும். நீங்கள் தேத்தண்ணி ஒண்டு போட்டுக் குடுத்திட்டு, இன்னொரு நாள் அவர் பள்ளிக்கூடத்தில என்ன விளையாடினவர் எண்டு கேளுங்கோ. சம்மதிச்சால் ஃபோனில குரலைப் பதிஞ்சு வையுங்கோ.

அடுத்த கிழமைக்கான கேள்வியளை ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அனுப்புங்கோ. எந்த எழுத்தில எழுதினாலும் வாசிப்பன்.