வாடகை வீடும் வாயில்லா உயிரும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொந்த ஊரில் நிலமும் வீடும் இருந்தும், அலுவல் கருதிக் கடலூரிலும், பிள்ளைகளின் கல்வி கருதிச் சிதம்பரத்திலும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் பல. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் வாடகை வீடு தேடி அலைவோர் எக்காலத்தும் உண்டு. அவ்வாறு தேடுவோர் நாயையோ பூனையையோ உடன் அழைத்துச் செல்லும்போது எழும் கடமைகளே இவ்வுரையின் பொருள்.

வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளரும் குடியிருப்பவரும் கையெழுத்திடுகின்றனர். அவ்வீட்டில் வாழப்போகும் வாயில்லா உயிர் கையெழுத்திடுவதில்லை. அதற்காகவும் உறுதி கூறுபவர் குடியிருப்பவரே. ஆகவே அவர் தரும் வாக்குகள் இரண்டு. ஒன்று உரிமையாளருக்கு, மற்றொன்று தம்மை நம்பி வரும் உயிருக்கு.

முதல் வாக்கிற்கு அடிப்படை பொய்யாமை. ‘வீட்டில் எத்தனை பேர்?’ என்று உரிமையாளர் வினவும்போது, நாய் இருப்பதைச் சொன்னால் வீடு கிடைக்காது என்றஞ்சிச் சிலர் மறைத்துவிடுகின்றனர். குடிபுகுந்த ஒரு வாரத்தில் குரைப்பொலி உண்மையைச் சொல்லிவிடும். பின்னர் எஞ்சுபவை இரண்டே வழிகள்: வீட்டைக் காலி செய்வது, அல்லது நாயைத் தெருவில் விடுவது. பொய் சொன்னவர் மனிதர். அதற்குத் தண்டனை பெறுவதோ வாயில்லா உயிர். தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லி, நான்கு வீடுகள் மறுத்தபின் ஐந்தாம் வீட்டில் மனநிறைவோடு குடியேறுவது எவ்வளவோ மேலானது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. வளர்ப்பு உயிர் எது, எத்தனை, அதனால் கதவோ சுவரோ சேதமுற்றால் சீர்செய்வது யார் என்பனவற்றை அவ்வொப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு சாராருக்கும் பாதுகாப்பு. உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வர விரும்பினால் 24 மணி நேரத்திற்கு முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அவர் வரும் நேரத்தில் நாயைத் தனியறையில் வைத்திருப்பது குடியிருப்பவர் காட்ட வேண்டிய மரியாதை.

அடுக்ககங்களில் வாழ்வோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை உறுப்பினர் ஒப்புக்கொண்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க இயலாது. ஆயினும் அது சங்கங்களை நோக்கிய வழிகாட்டுதல். உரிமையாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் நேர்மை தவறுவதற்கு அதனைக் கேடயமாக்கலாகாது.

இவ்விடத்தில் ஒரு பழஞ்செய்தி நினைக்கத்தக்கது. கி.பி. 458இல் லோகவிபாகம் நிறைவெய்திய பாடலி, இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அத்தகைய பள்ளிகளில் வாழ்ந்த துறவியர்க்கு உரிய கள்ளாமை விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகள் ஐந்தனைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவற்றுள் முதலிரண்டும் தங்குமிடம் பற்றியன. மூன்றாவது, பிறர்க்கு இடையூறு செய்யாமை. அயலாரின் உறக்கத்தையும் தூய்மையையும் அச்சமின்மையையும் அவர் தராமலே எடுத்துக்கொள்வதும் கள்ளாமைக்கு இழுக்கே என இல்லறத்தார் இதிலிருந்து உணரலாம்.

சிதம்பரத்தின் பழைய தெருக்களில் ஒரு சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்வது உண்டு. அங்கே இரவில் ஒரு நாய் ஓயாது குரைத்தால் தேர்வுக்குப் படிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் நோயுற்ற முதியவரும் துன்புறுவர். வாசலில் கோலமிட வரும் பெண்மணி முதலில் நாயின் கழிவைக் காண நேர்வதும் கொடுமையே. வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துவார் பூட்டுதல், கழிவைத் தாளில் எடுத்து அப்புறப்படுத்துதல், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டு அதன் சான்றைப் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் தவிர்க்கலாகாதவை. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதோ எவ்வீட்டிலும் கூடாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது.

இனி இரண்டாம் வாக்கு. கொல்லாமை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். இவ்வைந்தும் பெரிதும் மனிதரை அண்டி வாழும் உயிர்களுக்கே நேர்வன. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அடித்தல், மிகுபாரம் ஏற்றல், உறுப்பைச் சிதைத்தல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல், உணவும் நீரும் உறைவிடமும் தராதிருத்தல் ஆகியவற்றைக் குற்றமென்கிறது. பசி தாகத்தால் வருந்தும் நிலையில் கைவிடுதலும் குற்றமே. முதல் குற்றத்திற்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. வினைப்பயனுக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை.

உரிமையாளர் கடிந்துகொள்வாரோ என்று மொட்டைமாடி வெயிலில் நாயை நாள் முழுதும் கட்டிவைப்பது, முதல் வாக்கைக் காக்க இரண்டாவதைக் கைவிடுவதாகும். உணவிலும் சிந்தனை வேண்டும். மருத்துவர் அறிவுரையோடு சமநிலைப்படுத்திய மரக்கறி உணவில் நாய் வாழ இயலும். பூனை அவ்வாறன்று, அது இயல்பிலேயே ஊனுண்ணி. ஊனில் உள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிடில் அதன் கண்ணும் இதயமும் கெடும். பாலும் தயிர்சோறும் மட்டும் ஊட்டி அதனை வருத்துவது கருணையாகாது. மரக்கறி உண்போர்க்கு மட்டுமே வீடு தரும் உரிமையாளரின் இல்லத்தில் ஊனுணவைக் கொண்டுவருவது வாக்குத் தவறுதலாகும். புலால் மறுத்த குடும்பம் வீட்டிற்குள் பூனையைக் கொண்டுவருமுன் இதனை எண்ண வேண்டும்.

கடலூர் புயலும் வெள்ளமும் அறிந்த ஊர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தைச் சூறையாடியது. 2015இல் வெள்ளம் சூழ்ந்தது. தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் குடியிருப்போர் மேட்டுப்பகுதிக்குச் செல்ல நேரும்போது வளர்ப்பு உயிரையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். எவ்வகையாலும் இயலாதபோது கட்டையேனும் அவிழ்த்துவிடல் வேண்டும். கட்டிய கயிற்றோடு நீரில் விடப்படும் உயிர்க்குத் தப்பும் வழியே இல்லை.

நிறைவாக ஒரு கணக்கு. வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் 11 மாதங்களுக்கு எழுதப்படுகிறது. நாயின் ஆயுளோ 10 முதல் 15 ஆண்டுகள். பிள்ளையின் படிப்பு முடியும். பணி மாறுதல் வரும். ஒரு நாயின் வாழ்நாளுக்குள் குடும்பம் பல வீடுகள் மாற நேரலாம். அத்தனை வீட்டிற்கும் அதனை அழைத்துச் செல்ல உறுதி உள்ளவரே குட்டியைக் கையில் எடுக்கலாம். அவ்வுறுதி இல்லாதவர் எடுக்காதிருப்பதும் உயிரிரக்கமே. எடுத்தவர் காலி செய்யும் நாளில், சுவரைச் சீர்செய்து, தரையைக் கழுவி, சாவியை ஒப்படைத்து, அவ்வுயிரையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்படுவாராக. அடுத்து அத்தெருவில் நாயோடு வீடு தேடி வருபவருக்குக் கதவு திறப்பதும் திறவாததும் அவர் விட்டுச்செல்லும் நற்பெயரைப் பொறுத்தது.