புலித்தோல் போர்த்திய பசு



நேற்று இரவு பாலில் கொஞ்சம் மோர் விட்டு உறை ஊற்றியிருப்பீர்கள். காலையில் தயிர் ஆகியிருக்கும். பாலைத் தயிராக்கியது யார்? கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். பாக்டீரியா என்பார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். பெயர் வாயில் நுழையவில்லையா? தயிர்க் கிருமி என்றே சொல்வோம். ஏறத்தாழ ஆயிரம் கிருமிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.

கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். இதைப் பாட்டன் காலத்திலிருந்து தின்று வருகிறோம்.

இனி நோய்க் கிருமிக்கு வருவோம். அதன் மேல்புறத்தில் சில புரதங்கள் இருக்கும். நம் உடம்பின் காவல் படை அவற்றைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காணும். அந்தப் புரதத்தை மட்டும் எடுத்து, தயிர்க் கிருமியின் மேல் ஒட்டினால் என்ன ஆகும்? பசுத்தோல் போர்த்திய புலி என்று கேட்டிருக்கிறோம். இது புலித்தோல் போர்த்திய பசு! காவல் படை பார்க்கும், பழகிக்கொள்ளும். நமக்கோ நோய் வராது.

இதனால் என்ன லாபம்? ஊசி வேண்டாம். வாயிலோ மூக்கிலோ கொடுக்கலாம். பல நோய்கள் அந்த வழியாகத்தானே உள்ளே வருகின்றன? வாசலிலேயே காவல் வைத்தது போல ஆகும்.

எப்படி ஒட்டுவது? ஒரு வழி, அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைக் கிருமிக்குள் வைப்பது. கிருமி தானே புரதத்தைச் செய்து, சட்டையில் பொத்தான் தைப்பது போலத் தன் சுவரில் தைத்துக்கொள்ளும். ஆனால் இது மாற்றப்பட்ட உயிர். மலத்தோடு வெளியேறி மண்ணில், தண்ணீரில் கலந்தால்? இந்தக் கேள்வி நியாயமானது.

நெதர்லாந்தில் கிரோனிங்கன் என்ற ஊரில் வேறு வழி கண்டார்கள். தயிர்க் கிருமியை அமிலத்தில் கொதிக்க வைத்தார்கள். கிருமி செத்துவிடும். உள்ளே இருந்த மரபணுவும் சிதைந்துவிடும். தேங்காய் ஓடு போலச் சுவர் மட்டும் மிஞ்சும். புரதத்தைத் தனியாக, ஒட்டும் கொக்கியோடு செய்து அதனுடன் கலந்தார்கள். அது சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. செத்தது பெருகாது அல்லவா?

வீட்டுத் தயிரில் இந்த மருந்து கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். குழந்தைக்கு உரிய நாளில் ஊசி போட்டே ஆக வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஒரு வைரஸ் உண்டு. அதற்காக இந்தச் செத்த கிருமியில் புரதம் ஒட்டி, மூக்கில் விடும் மருந்து செய்தார்கள். முதலில் நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. பெரிய தீங்கு எதுவும் இல்லை. காவல் படையும் விழித்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பலமாக விழிக்கவில்லை.