மான்களைக் காப்பது யார்? வட கனடாப் பழங்குடி மக்களின் அனுபவம்

கனடாவின் வடபகுதியில், மரங்கள் வளராத தூந்திரப் பிரதேசத்தில் வாழும் கரிபு மான்களே அங்குள்ள பழங்குடி மக்களின் வாழ்வாதாரமாக இருந்து வந்துள்ளன. இறைச்சி உணவாகிறது; தோல் உடையாகவும் கூடாரமாகவும் ஆகிறது; எலும்பும் கொம்பும் கருவிகளாகின்றன. குளிர்காலத்தைத் தெற்கே காடுகளில் கழிக்கும் பெரும் மந்தைகள், வசந்தத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நடந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நிலப்பகுதியில் கன்று ஈனுகின்றன. ஒரு மந்தையின் பாதை பல மாகாணங்களையும் பல மக்களின் நிலங்களையும் கடந்து செல்கிறது. இந்த மந்தைகளைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

நெடுங்காலம் அந்த அதிகாரம் அரசிடம் மட்டுமே இருந்தது. 1970களின் இறுதியில், விமானத்திலிருந்து மான்களை எண்ணிய அரசு அறிவியலாளர்கள், மந்தைகள் வேகமாகக் குறைகின்றன என்றும் மிகையான வேட்டையே காரணம் என்றும் கூறினர். வேட்டைக்காரர்கள் இதை ஏற்கவில்லை. மான்கள் இடம் மாறியிருக்கின்றன, அழிந்துவிடவில்லை என்றனர். அதே காலத்தில் பேக்கர் லேக் பகுதியில் யுரேனியம் தேடும் நிறுவனங்கள் நுழைந்தன. மான்களின் பாதை கெடுகிறது என்று இனுயிட் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1979இல் வந்த தீர்ப்பு, அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் யுரேனியத் தேடலுக்கு நிரந்தரத் தடை விதிக்க மறுத்தது.

இந்த மோதலின் நடுவே 1982இல் பெவர்லி - கமானிர்ஜுவாக் கரிபு மேலாண்மை வாரியம் உருவானது. பதின்மூன்று உறுப்பினர்களில் எட்டுப் பேர் மான்களை நம்பி வாழும் சமூகங்களின் பிரதிநிதிகள். ஐவர் அரசுகளின் பிரதிநிதிகள். தெனே, இனுயிட், மெட்டிஸ் மக்கள் அரசு அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். பனியின் தன்மை, மான்களின் கொழுப்பு, அவை தேர்ந்தெடுக்கும் ஆற்றுத் துறைகள் ஆகியவை பற்றி முதியவர்கள் பெற்றிருந்த அறிவு, விமானக் கணக்கெடுப்புக்கு இணையான சான்றாக மதிக்கப்படத் தொடங்கியது. தம்மைக் குற்றவாளிகளாகக் கண்ட நிர்வாகத்திடம் போராடி மக்கள் பெற்ற முன்னேற்றம் இது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் வாரியத்தின் எல்லையையும் காண வேண்டும். அது பரிந்துரை மட்டுமே செய்யும். இறுதி முடிவு அமைச்சர்களுடையது. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

இந்த எல்லையின் விளைவைப் பாதர்ஸ்ட் மந்தையின் வரலாறு காட்டுகிறது. 1986இல் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் மான்கள் இருந்த அம்மந்தை, 2018இல் சுமார் 8,200 ஆகச் சுருங்கியது. கரிபு மந்தைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இயல்பாகவே பெருகியும் குறைந்தும் வருபவை. வெப்பமாகும் தட்பவெப்பமும் ஒரு காரணம். ஆனால் அதன் வாழிடத்தில் 1998இல் எக்காட்டி வைரச் சுரங்கமும், 2003இல் டயாவிக் வைரச் சுரங்கமும் உற்பத்தியைத் தொடங்கின. சுரங்கங்களைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவு வரை மான்கள் ஒதுங்கிச் செல்வதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

அரசு முதலில் எங்கே கை வைத்தது? 2010 சனவரியில், பழங்குடி மக்களின் ஒப்புதலின்றி, மந்தையின் குளிர்கால நிலங்களில் வேட்டைக்குத் தடை விதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு, அப்பகுதியின் கூட்டு மேலாண்மை வாரியம் ஆண்டுக்கு 300 மான்கள் என்ற அளவைப் பரிந்துரைத்தது. 2015 தொடங்கி அதுவும் பூஜ்யமானது. மறு ஆண்டிலேயே, 2016இல், எக்காட்டி சுரங்கத்தின் ஜே விரிவாக்கத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் பின்னர் கிடப்பில் போடப்பட்டது என்பது வேறு செய்தி. வேட்டைக்காரனிடம் முழுத் தியாகம் கேட்கப்பட்ட வேளையில், சுரங்க முதலாளியிடம் நிபந்தனைகள் மட்டுமே கேட்கப்பட்டன.

ட்லிச்சோ மக்கள் இதைக் கண்டு ஓய்ந்துவிடவில்லை. 2016 முதல் அவர்களுடைய கண்காணிப்புக் குழுவினர் கோடைதோறும் காண்ட்வாய்ட்டோ ஏரிக்கரையில் முகாமிட்டு, மான்களைப் பின்தொடர்ந்து நடந்து, காண்பதைத் தம் முதியவர்களின் முறைப்படி பதிவு செய்கின்றனர். வேட்டையை நிறுத்திய பின்னும் மந்தைக்கான பொறுப்பை அவர்கள் கைவிடவில்லை.

பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிக்குத் தனி அரசு அமைந்தால் மட்டும் போதுமா? இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக உள்ள நுனாவுத்தின் அரசு, கன்று ஈனும் நிலங்களில் சுரங்கம் கூடாது என்ற தனது நிலைப்பாட்டை 2016இல் கைவிட்டது. வேட்டைக்காரர் அமைப்புகள் அதை எதிர்த்தன. பொருளாதாரம் சுரங்கத்தைச் சார்ந்திருக்கும்போது, சொந்த அரசும் அதன் அழுத்தத்துக்கு ஆட்படுகிறது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. யூகானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே வாழும் போர்க்குபைன் மந்தைக்கு 1985இல் கூட்டு மேலாண்மை ஒப்பந்தமும், 1987இல் கனடா - அமெரிக்க ஒப்பந்தமும் ஏற்பட்டன. அவற்றுக்கு முன்பே, 1977இல் நீதிபதி தாமஸ் பெர்கர் விசாரணைக்குழு, வடக்கு யூகான் வழியே எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் கூடாது என்று பரிந்துரைத்திருந்தது. 1984இல் கனடாவின் பக்கமுள்ள ஈனும் நிலம், இனுவியாலுயிட் மக்களின் நில ஒப்பந்தத்தின் வழியாகத் தேசியப் பூங்காவாயிற்று. அலாஸ்காவின் பக்கமுள்ள ஈனும் நிலத்தை எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து காக்க, குவிச்சின் மக்கள் 1988இல் ஆர்க்டிக் கிராமத்தில் ஒன்றுகூடி உறுதிபூண்டனர். 2017 கணக்கெடுப்பில் அம்மந்தையின் எண்ணிக்கை 2 லட்சத்து 18 ஆயிரம். அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம். அதே ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அந்நிலத்தை எண்ணெய் ஏலத்துக்குத் திறந்துவிட்டது. 2023இல் ரத்தான குத்தகைகளுக்குப் பின், 2025ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஏலங்களைக் கட்டாயமாக்கியுள்ளது. குவிச்சின் மக்களின் போராட்டம் முடியவில்லை.

இந்தியாவில் 'கூட்டு' என்ற சொல்லின் பொருளைப் பழங்குடி மக்கள் நன்கறிவர். 1990இல் வந்த கூட்டு வன மேலாண்மையில் காவல் கிராமத்துக்கு, அதிகாரம் வனத்துறைக்கு என்றே பெரும்பாலும் அமைந்தது. 2006 வன உரிமைச் சட்டம், காட்டையும் வன விலங்குகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே வழங்கியது. அதன் வலிமையை 2013இல் நியாம்கிரியின் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தபோது நாடு கண்டது.

தோழர்களே, எங்கேனும் அரசு 'கூட்டு மேலாண்மை' என்று அறிவிக்கும்போது, மக்கள் பிரதிநிதிகளுக்கு எத்தனை இருக்கைகள் என்று கேட்பது அவசியம். அத்துடன் நிறுத்தலாகாது. அந்த மேசைக்குச் சுரங்க உரிமமும் வருகிறதா, வேட்டை உரிமம் மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். மறுக்கும் உரிமை மக்கள் கையில் இருந்தால்தான் அது கூட்டு மேலாண்மை. அந்த உரிமைக்கான போராட்டத்தில் வட துருவத்தின் வேட்டைக்காரர்களும் நியாம்கிரியின் டோங்ரியா கோந்து மக்களும் ஒரே அணியில் நிற்கின்றனர்.