முதற்படி தவறினால்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! மலேசியாவில் நியாயமின்றி நம்மை வேலைநீக்கம் செய்தால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். கிராணிக்கும் பால்மரம் வெட்டுபவருக்கும் விதி ஒன்றே.

அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றம் செல்லும். 2021 முதல் அதற்கு அமைச்சரின் முடிவு தேவையில்லை. தீர்ப்பில் குறையிருந்தால், அது கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன்மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

முதற்படியில் கால் வைக்காதவருக்கு மேற்படிகளால் என்ன பயன்? "பொறு, திரும்ப எடுக்கிறேன்" என்பார் நிர்வாகி. அதை நம்பிக் காத்திருந்தால் 61-ஆம் நாள் வந்துவிடும். ஆகவே, கடிதமோ வாய்ச்சொல்லோ, அன்றே கிளைச் செயலாளரிடம் வாருங்கள். நாள் கணக்கை நாம் கைவிடலாகாது!