கட்டளை வரியும் தமிழ்க் கோப்பும்

யூனிக்ஸ் முறையில் கட்டளையைத் தட்டச்சுச் செய்தே கோப்புகளை ஆள்கிறோம். 'எல்எஸ்' பட்டியலிடும், 'சிபி' படியெடுக்கும். 'ஆர்எம்' அழிக்கும், அழிந்தது குப்பைக்கூடைக்குப் போகாது. உடுக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி தவறி விழுந்தால் அடைவிலுள்ள மாணவர் பட்டியல் முழுதும் போய்விடும். ஆகவே முதலில் படியெடுப்போம்.

கென் தாம்சன் எழுதி 1973இல் வெளிவந்த 'கிரெப்', வேண்டிய சொல்லுள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். தமிழையும் தேடும். எண்ணும்போதுதான் வேடிக்கை. 'கிளேபாங்' நமக்கு 4 எழுத்து. 'டபிள்யூசி' கட்டளையோ, எழுத்தைக் கேட்டால் 8 என்கிறது. பைட்டைக் கேட்டால் 24! வரிமுடிவுக் குறி இருந்தால் இன்னும் ஒன்று கூடும். காரணம், ஒருங்குறியில் மேல்விலங்கு, கொம்பு, கால், புள்ளி யாவும் தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மாணவர் கட்டுரையில் சொற்களை எண்ண இக்கட்டளையை நம்பலாம். எழுத்தெண்ண நம் விரலே போதும்.